ஒரு பாலம் போதும்

கேள்வி: அமெரிக்க வரலாற்றில் எனக்கு ரொம்ப ஆர்வம். புத்தகம், காமிக்ஸ், படம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி அலமாரி நிரம்பிவிட்டது. பாதியை இன்னும் தொடவில்லை. எப்படிச் சேர்ப்பது? – வாசகர், திருச்சி

பதில்: முதலில், கொஞ்ச நாள் எதையும் வாங்காதீர்கள். கொலம்பஸில் தொடங்கி ஒபாமா வரை சேர்க்கப் போனால் வீடு தாங்காது. ஒரே ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் செல்மா பாலத்தைப் பிடிப்பேன்.

1965 மார்ச் 7. வாக்குரிமை கேட்டு அலபாமாவின் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடக்கக் கிளம்பிய கறுப்பின மக்களை, எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டியதுமே போலீஸ் அடித்து விரட்டியது. முன்வரிசையில் இருந்த ஜான் லூயிஸுக்கு மண்டை உடைந்தது. அப்போது அவருக்கு வயது 25. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினரான அவர், ஆண்ட்ரூ அய்டினுடன் சேர்ந்து எழுதி, நேட் பவல் வரைந்த காமிக்ஸ்தான் ‘மார்ச்’. மூன்று பாகம், எல்லாமே கறுப்பு வெள்ளை. முதல் பாகம் திறப்பதே அந்தப் பாலத்தில்தான்.

லூயிஸ் காமிக்ஸ் பக்கம் வந்ததே ஒரு தனிக்கதை. 1957-ல், பேருந்தில் கறுப்பினத்தவரைப் பாகுபடுத்தியதை எதிர்த்து நடந்த மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி 16 பக்கத்தில், 10 சென்ட் விலையில் ஒரு காமிக்ஸ் வந்தது. அதில் நம் காந்தியும் வருகிறார். இளவயதில் அதைப் படித்தவர் லூயிஸ். மறுபதிப்பு வந்திருக்கிறது, அதுவே போதும். பழைய பிரதிக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

அடுத்து படம். அவா டுவெர்னே இயக்கிய ‘செல்மா’ (2014). அதில் மார்ட்டின் லூதர் கிங் பேசும் உரைகள் அவர் பேசியவை அல்ல! அந்த உரைகளைப் படத்தில் பயன்படுத்தும் உரிமை வேறு இடத்துக்குப் போய்விட்டதால், இயக்குநரே அவர் பாணியில் எழுதிக்கொண்டார். 1965-ல் அமெரிக்க அதிபராக இருந்த ஜான்சனைக் காட்டிய விதத்துக்கும் படம் வந்தபோது பெரிய சண்டை. அதனால் படத்தைப் பார்த்த கையோடு டெய்லர் பிராஞ்சின் கிங் வரலாற்றில் 1965 முதல் 68 வரையிலான மூன்றாம் பாகத்தை எடுத்து, செல்மா பகுதியை மட்டும் படியுங்கள். புத்தகம் தலையணை சைஸ். முழுதாக முடித்தே ஆகவேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. படக்காட்சியும் புத்தகமும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அந்த இடத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் சேகரிப்பில் கடையில் வாங்க முடியாத சரக்கு அந்த நோட்டு ஒன்றுதான்.

அப்புறம், டிவிடிக்கு ஊருக்கு ஊர் மண்டல எண் (region code) உண்டு. அமெரிக்காவில் விற்கும் டிவிடி மண்டலம் 1. நம் ஊர் மண்டலம் 5. இது தெரியாமல் உறவினரிடம் சொல்லி ஒரு பெட்டி நிறைய வரவழைத்தவன் நான். என் பிளேயர் ஒன்றைக்கூட ஓட்டவில்லை. பழைய காமிக்ஸ் கிடைத்தால் பிளாஸ்டிக் உறையில், பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்து நிமிர்த்தி அடுக்குங்கள். வெளிச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் இறங்கினால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து.