சில்லு குறைவு, ஜோடி பெரிது

கேள்வி: போக்கர் டோர்னமென்ட்டின் கடைசிக் கட்டம், என்னிடம் 10 பிக் பிளைண்ட் (ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் கட்டாயமாகப் போடும் பந்தயம்) அளவு சில்லுதான் மிச்சம். ஜாக் ஜோடி வந்தால் சின்னதாக ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) ஃப்ளாப்பை, அதாவது மேசையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளை, பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், நேராக ஆல்-இன் போங்கள், அதாவது மொத்தச் சில்லையும் வைத்துவிடுங்கள். இரண்டரை பிளைண்ட் போட்டுவிட்டு ஃப்ளாப்புக்குக் காத்திருந்தால், ஜாக்கைவிடப் பெரிய ராணியோ ராஜாவோ ஏஸோ அங்கே வந்து விழ ஏறக்குறைய 57 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அப்புறம் கால்வாசிச் சில்லை நடுவில் குவிந்த பந்தயத் தொகையில் விட்டுவிட்டுச் சீட்டை மடக்கி விலகவும் மனசு வராது, தொடரவும் பயமாக இருக்கும். முதலிலேயே மொத்தத்தையும் தள்ளிவிட்டால் பலர் மடக்கிவிடுவார்கள். ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவர் கால் செய்தாலும் (உங்கள் பந்தயத்துக்கு ஈடு கொடுத்தாலும்) நீங்கள்தான் சற்று முன்னால்.

சாட்டிலைட், அதாவது பெரிய டோர்னமென்ட்டுக்கான டிக்கெட்டைப் பரிசாகத் தரும் போட்டி, மட்டும் வேறு கதை. அங்கே தேறியவர்கள் எல்லாருக்கும் ஒரே டிக்கெட்தான், அதனால் இன்னும் ஒருவர் வெளியேறினால் போதும், உங்களைவிடக் குறைந்த சில்லோடு இரண்டு மூன்று பேர் தத்தளிக்கிறார்கள் என்றால் ஜாக் ஜோடியைத் தயங்காமல் மடக்குங்கள்.