வெப்மெயில் (உலாவியிலேயே மெயில் பார்க்கும் மென்பொருள்) நிறுவும்போது அனுப்பும் முறையாக எதைப் போடுவது: சென்ட்மெயிலா, எஸ்எம்டிபியா, பிஎச்பி மெயிலா?

எஸ்எம்டிபியைப் போடுங்கள், அதாவது வெப்மெயில் உள்நுழைந்து மெயில் சர்வரிடம் மெயிலை ஒப்படைக்கும் முறை; போர்ட் 587, உள்ளே நுழையும் அதே பெயரும் கடவுச்சொல்லும். மற்ற இரண்டும், அதாவது வெப் சர்வரே தன் பெயரில் மெயிலைத் தள்ளிவிடும் முறைகள், வேலை செய்யாது என்பதில்லை, செய்யும். ஏதாவது கோளாறு வரும்போதுதான் ஆளைக் கொல்லும்.

மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனிக்கு மெயில் சர்வர் அமைத்துக் கொடுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், "தம்பி, கடலுக்குப் போறதுக்குள்ள நம்ம பேருலயே மெயில் வந்துரணும்" என்றார் முதலாளி. அவசரத்தில் சென்ட்மெயிலைத் தேர்ந்தெடுத்தேன், நிரப்ப வேண்டிய கட்டம் அதில்தான் குறைவு, வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. மெயில் ஜோராகப் போனது. அப்புறம் ஒரு நாள் வாங்குகிற கம்பெனிகள் எல்லாம் "விலை அனுப்பவே இல்லையே" என்று போன் போட ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவருடைய கடவுச்சொல்லைத் திருடி வெப்மெயிலுக்குள் புகுந்து ராத்திரி முழுக்க குப்பை மெயில் தள்ளியிருக்கிறார்கள், எங்கள் சர்வரின் ஐபி முகவரி குப்பை மெயில் தடைப்பட்டியலில் ஏறிவிட்டது. சரி, யார் கணக்கு என்று போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பும் சர்வர் மென்பொருள்) லாகைத் (பதிவேட்டை) திறந்தால் எல்லா வரியிலும் யுஐடி (பயனர் எண்) 33. டெபியன் லினக்ஸில் அது வெப் சர்வரின் எண், ஆளின் பெயர் அல்ல! கடைசியில் எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

எஸ்எம்டிபியில் உள்நுழைந்து அனுப்பினால் ஒவ்வொரு மெயிலுக்கும் எதிரே பயனர் பெயர் லாகில் விழும். ராமேஸ்வரத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு படகு கிளம்புகிற மாதிரி, எது போனது என்று கரையிலேயே தெரியும்.

சர்வர் முகவரியாக லோக்கல்ஹோஸ்டையே (வெப்மெயில் ஓடும் அதே கணினியை) கொடுங்கள், தூரத்து சர்வரைக் கொடுக்காதீர்கள். தூரத்தில் இருப்பது தாமதமானால் அனுப்பு பட்டனை அழுத்தியவர் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளூர் போஸ்ட்ஃபிக்ஸ் உடனே வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டு, எதிர்முனை தற்காலிகமாகக் கிடைக்காவிட்டால் 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். வாடகை சர்வரில் வெளியே போகும் போர்ட் 25-ஐ (சர்வர்கள் தங்களுக்குள் மெயில் பரிமாறும் வழி) அடைத்து வைத்திருந்தால், போஸ்ட்ஃபிக்ஸிலேயே ரிலே சேவையை (நமக்காக மெயிலை வாங்கி அனுப்பும் வேறொரு சர்வர்) குறிப்பிட்டுவிடலாம், வெப்மெயிலைத் தொடவே வேண்டாம்.

பிஎச்பி மெயில் வேண்டவே வேண்டாம். உறைமேல் எழுதும் அனுப்புநர் முகவரியை மென்பொருள் தனியாகக் கொடுக்காவிட்டால், திரும்பி வரும் மெயிலெல்லாம் வெப் சர்வர் பயனரின் பெட்டிக்குப் போய்விடும், அதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

எந்த முறையானாலும் எஸ்பிஎஃப் (எந்த சர்வர் நம் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்தின் சாவி) இரண்டையும் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் பொதுப் பதிவேட்டில்) போட்டுவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது, ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு இரண்டும், கூடவே டிமார்க்கும் (இந்தச் சோதனைகளில் தவறும் மெயிலை என்ன செய்வது என்ற குறிப்பு).

அமைத்து முடித்ததும் வேறொரு டொமைனில், நிஜத்தில் இல்லாத ஒரு முகவரிக்கு வேண்டுமென்றே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். 'போய்ச் சேரவில்லை' என்ற தகவல் உங்கள் இன்பாக்ஸுக்கே திரும்பி வந்த பிறகு மற்றவர்களுக்குக் கணக்கு கொடுங்கள்.