படம் வரைய வராது, நகர வடிவமைப்பில் முதுகலை படிக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட நீங்கள் சிவில் முடித்தவர் போலிருக்கிறது. ஆர்க்கிடெக்சர் பட்டம் இல்லை, கையில் படமும் சுமாராகத்தான் வரும், நகர்ப்புற மற்றும் சுற்றுச்சூழல் வடிவமைப்பில் முதுகலை சேர்ந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கீழே வந்த பதில்களில் பாதி "முதலில் ஸ்கெட்ச் பழகுங்கள்" என்கின்றன. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். நானும் சிவிலிலிருந்து போனவன்.

தாக்குப்பிடிக்கலாம். இடம் கிடைப்பதில்தான் சிக்கல். 'நகர்ப்புற வடிவமைப்பு' என்று மட்டும் பெயர் வைத்த படிப்புகள் பல இடங்களில் ஆர்க்கிடெக்சர் பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்கும். சுற்றுச்சூழல் திட்டமிடல், நிலத்தோற்ற வடிவமைப்பு (லேண்ட்ஸ்கேப்) என்று சேர்ந்து வருகிற படிப்புகள் சிவில், புவியியல், சூழலியல் ஆட்களையும் எடுத்துக்கொள்ளும், சிலவற்றில் ஒரு வருடம் கூடுதலாகப் படிக்கச் சொல்வார்கள். பெயரை வைத்து முடிவு செய்யாமல் தகுதிப் பகுதியை வரி விடாமல் படியுங்கள். அவ்வளவுதான், இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

உள்ளே போன பிறகு நடப்பதைச் சொல்கிறேன். ஒரு இடத்தைக் கொடுத்து வடிவமைக்கச் சொல்லும் ஸ்டூடியோ வகுப்புதான் இந்தப் படிப்பின் உயிர், மற்ற பாடமெல்லாம் அதைச் சுற்றித்தான். எங்களுக்கு ஒருமுறை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய திறந்தவெளியைக் கொடுத்தார்கள். அதற்கு அடியில் கார் பார்க்கிங். வகுப்பே போட்டி போட்டு ரெண்டர் செய்தது, அதாவது கட்டி முடித்த மாதிரியே கம்ப்யூட்டரில் படம் போட்டது: மாலை வெயில், ஓடும் குழந்தைகள், நாலு மாடி உயரத்துக்கு அடர்ந்த மரங்கள். எனக்கு அப்படிச் செய்ய வராது. பார்க்கிங்கின் பழைய டிராயிங்கைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். பார்க்கிங்கின் கூரையான கான்கிரீட் ஸ்லாபின் மேல் மண் போடக் கிடைத்த இடம் 45 சென்டிமீட்டர். பெரிய மரம் நிற்க ஒரு மீட்டர் ஆழமாவது வேண்டும், பக்கவாட்டிலும் வேர் ஓட இடம் வேண்டும். அந்த ஆழத்துக்கு மண் கொட்டலாமே என்றால், நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2 டன் வரும். அதையும் ஸ்லாப் தாங்க வேண்டுமே? அதனால் நான் மரங்களை ஓரத்துக்குத் தள்ளினேன், பார்க்கிங் முடிந்து இயற்கையான தரை தொடங்கும் இடத்துக்கு. நடுவில் நிழலுக்குப் பந்தலும் கொடியும். ஸ்லாப், நீர்ப்புகாப் பூச்சு, வடிகால் அடுக்கு, மண் எல்லாம் தெரிகிற மாதிரி, குறுக்கே வெட்டிப் பார்த்தது போல ஒரு செக்‌ஷன். பார்க்க வறட்சியாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

எங்கள் வேலைகளை மதிப்பிடும் ஜூரியில் விருந்தினராக வந்த ஒருவர் என் ஷீட்டைப் பார்த்துவிட்டு, இதில் கவிதையே இல்லையே என்றார். பக்கத்தில் இருந்த நிலத்தோற்ற வடிவமைப்பாளர் அம்மா ஒன்றும் பேசவில்லை, செக்‌ஷனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் எனக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "இந்த மரத்தோட வேர் எங்க போகுது?" பளபளவென்று இருந்த ஷீட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். எனக்கு மார்க் ஒன்றும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. ஆனாலும் அந்த மத்தியானத்தை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உடனே, வரைகிறவர்களை மட்டம் தட்டுகிறான் என்று சண்டைக்கு வராதீர்கள். என் நண்பர்களில் பாதிப் பேர் நன்றாக வரைகிறவர்கள், ரெண்டர் இல்லாமல் எந்த மேயரும் எந்தத் திட்டத்துக்கும் தலையாட்ட மாட்டார் என்பதும் தெரியும். நான் சொல்வது, இந்தத் துறை வளர்ந்ததில் பெரிய பங்கு பார்த்தவர்களுக்கும் அளந்தவர்களுக்கும் உண்டு என்பதுதான். 1956-இல் ஹார்வர்டில் நகர்ப்புற வடிவமைப்பு பற்றி ஒரு மாநாடு நடந்தது, 1960-இல் அங்கே படிப்பும் தொடங்கியது. அந்த மாநாட்டில் பேசியவர்களில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளரும் ஒருவர், கல்லூரிப் பட்டமே இல்லாதவர். தெருவில் யார் நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பேசினார். இயன் மெக்ஹார்க் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் மண், சரிவு, வெள்ளம், காடு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி ஒளிபுகும் தாளில் போட்டு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். எங்கே கருமை ஏறுகிறதோ அங்கே கைவைக்காதே என்று அர்த்தம். இன்றைக்கு ஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில் லேயர் லேயராக நாம் செய்வதும் அதுதான். சிவில் ஆளுக்கு இது அந்நியமான வேலையா என்ன?

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் வாயில் வருகிறது, நீங்கள் கேட்கவில்லை, பரவாயில்லை. பொது இடத்து பெஞ்சுகளில் நடுவே ஒரு இரும்புக் கைப்பிடி வைக்கிறார்களே, அது யாருடைய வசதிக்கு? முதியவர் ஊன்றி எழுந்திருக்க என்பார்கள். அதற்கு ஓரத்தில் வைத்தால் போதாதா? நடுவில் வைப்பது யாரும் காலை நீட்டிப் படுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், இது துறையில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் டிராயிங்கில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். ஒரு திட்டத்தில் நான் இதைக் கேட்டேன், 'பராமரிப்புக் காரணங்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். இன்னும் வயிறு எரிகிறது.

சரி, விண்ணப்பத்தோடு உங்கள் வேலைகளைத் தொகுத்துக் கொடுக்கும் போர்ட்ஃபோலியோ. ஆர்க்கிடெக்ட் மாதிரி வேஷம் போடாதீர்கள், ரெண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு தெருவை எடுங்கள். மழை நாளில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, மத்தியானம் நிழல் எங்கே விழுகிறது, ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்து, லெவல் எடுத்து, அளவோடு ஒரு செக்‌ஷன் போடுங்கள். தார்த் தளத்தில் விழும் மழையில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு அப்படியே ஓடிவிடும், அந்தக் கணக்கை உங்கள் தெருவுக்குப் போட்டுக் காட்டுங்கள். சேரப் போகிற துறையின் மாணவர் வேலைகளையும் ஒருமுறை பாருங்கள். ஷீட் முழுக்க வானத்திலிருந்து பார்த்த படங்களாகவே இருந்து, ஒரு செக்‌ஷன்கூட இல்லையென்றால் அந்த இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.