சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் அலமாரி, டிவி எல்லாம் சாய்ந்து விழாமல் இருக்க என்ன செய்யலாம்?

சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுங்கள். பதில் அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான். கீழே எழுதியிருப்பது, இந்த ஒரு வரி எனக்கு எப்படிப் புரிந்தது என்பதும், முதல் தடவை முடுக்கும்போது நான் செய்த தப்பும்.

எங்கள் படுக்கையறையில் நாலு டிராயர் வைத்த மர அலமாரி ஒன்று இருந்தது. இடுப்பளவு உயரம். துணியோடு நகர்த்த இரண்டு பேர் வேண்டும். இவ்வளவு கனம், இது எங்கே விழப்போகிறது என்று இருந்தேன். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. ஒரு நாள் காலையில் நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டிராயரை இழுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. சரி, விளையாடுகிறாள், சத்தம் வருகிற வரைக்கும் கவலையில்லை என்று விட்டுவிட்டேன். திடீரென்று 'தட்' என்று ஒரே ஒரு சத்தம். அழுகை இல்லை. அழுகை வராததுதான் என்னை எழுந்து ஓட வைத்தது.

அலமாரி முன்பக்கமாகச் சாய்ந்து, கட்டில் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கடியில் மிஞ்சிய முக்கோண இடுக்கில், கொட்டிக்கிடந்த துணிகளுக்கு நடுவே, கையில் ஒற்றை சாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போடலாம் என்று வீட்டில் அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். சோம்பேறித்தனத்தால் தள்ளவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அலமாரி துணியோடு சேர்த்து 40 கிலோ, ஆழம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஈர்ப்பு மையம் முன் விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும். அலமாரியை நிமிர்த்தி வைத்திருக்கிற பலம் 40 பெருக்கல் 20, அதாவது 800. துணி நிறைந்த ஒரு டிராயர் 5 கிலோ. அதை 30 சென்டிமீட்டர் வெளியே இழுத்தால் அந்த 800-இல் 5 பெருக்கல் 30, அதாவது 150 குறைந்துவிடும். இப்போது 12 கிலோ குழந்தை அந்த டிராயரின் விளிம்பில் ஏறி நிற்கிறது: 12 பெருக்கல் 30, 360. மிச்சம் 650 இருப்பதால் அலமாரி அசையாது. மூன்று டிராயர் திறந்திருந்தால் மிச்சம் 350. குழந்தை 360. கதை முடிந்தது.

பெரியவர்கள் ஒரு டிராயரைத் திறப்போம், எடுப்போம், மூடுவோம். அதனால் நம் கையில் அது ஒருநாளும் சாய்ந்ததில்லை. குழந்தைக்கு டிராயர் என்றால் படிக்கட்டு. ஒன்றுக்கு மேல் ஒன்றாக எல்லாவற்றையும் இழுத்துவிட்டுத்தான் ஏறும். மேலே ரிமோட்டோ பொம்மையோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

"கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதாதா" என்று கேட்பவர்களுக்கு: நான் பத்தடி தூரத்தில்தான் இருந்தேன். காதும் அங்கேதான் இருந்தது. சாய்ந்த அலமாரி நெஞ்சை அழுத்திவிட்டால் குழந்தைக்கு அழக்கூட மூச்சு இருக்காது. இதில் பெற்றோரின் அக்கறையைக் குறை சொல்ல எதுவுமில்லை; கவனிப்பால் பிடிக்க முடியாத வேகத்தில் நடக்கிற விஷயம் இது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது, 2022 கடைசியில் வந்தது. பெயர் 'ஸ்டர்டி'. 2023 செப்டம்பர் 1-லிருந்து அங்கே விற்பனைக்காகத் தயாராகிற, 27 அங்குலமோ அதற்கு மேலோ உயரமுள்ள, துணி வைக்கிற அலமாரிகள் 60 பவுண்டு (கிட்டத்தட்ட 27 கிலோ) எடையுள்ள குழந்தை ஏறுவதுபோன்ற சோதனையில் சாயாமல் நிற்க வேண்டும். ஒரு டிராயர் திறந்திருந்தால் மற்றவை திறக்காதபடி பூட்டிக்கொள்கிற அமைப்பை அதற்காகவே சில தயாரிப்பாளர்கள் வைக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது அந்த 27 அங்குலம். சாப்பாட்டு மேசையைவிடக் குட்டை! "சின்ன அலமாரிதானே" என்று விடுகிறோமே, அதுவும் கணக்கில் வருகிறது. நம் வீட்டில் ஏற்கெனவே நிற்கிற பழைய அலமாரிக்கு எந்தச் சட்டமும் உதவாது, அது வேறு விஷயம்.

சரி, முடுக்குவது எப்படி? முதல் தடவை நான் அவசரத்தில் கையிலிருந்த ஓர் அங்குல ஸ்க்ரூவைச் சுவரில் ஏற்றி, எல் ஆங்கிளை (எல் வடிவில் வளைந்த இரும்புப் பட்டை) அலமாரியின் பின்பலகையில் மாட்டினேன். பார்க்க உறுதியாக இருந்தது. மேல் விளிம்பைப் பிடித்து முன்னால் ஒரு இழுப்பு இழுத்தேன். ஸ்க்ரூ வெள்ளைப் பொடியோடு கையோடு வந்துவிட்டது. அது செங்கல் வரைக்கும் போகவே இல்லை, சிமெண்ட் பூச்சில் மட்டும் நின்றிருக்கிறது. பின்பலகையும் அட்டை மாதிரி மெல்லியது, அந்தப் பக்க ஸ்க்ரூவும் ஆடிப்போயிருந்தது.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். சுவரில் சுத்தியல் அடிக்கிற டிரில்லால் துளை போட்டேன். முதலில் வெள்ளைத் தூள் வந்தது. சிவப்புத் தூள், அதாவது செங்கல் தூள் வந்த பிறகும் ஆழமாகவே இறக்கினேன். ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக்கைத் துளைக்குள் அடித்து, இரண்டு அங்குலத்துக்குக் குறையாத ஸ்க்ரூ. அலமாரிப் பக்கம் பின்பலகையை விட்டுவிட்டு, மேல் பலகையோடு சேர்கிற கெட்டியான சட்டத்தில் ஆங்கிளை வைத்தேன். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறதோ அவ்வளவு நல்லது. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், உள்ளே வயர் ஓடும். குளியலறைச் சுவர் என்றால் தண்ணீர்க் குழாய் ஞாபகம் இருக்கட்டும். ஜிப்சம் போர்டு சுவரானால், அதற்குப் பின்னால் நிற்கிற மரச் சட்டத்தையோ உலோகச் சட்டத்தையோ தேடிப்பிடித்து அதில்தான் பிடிக்க வேண்டும். உலோகமானால் அதற்கேற்ற ஸ்க்ரூ. வெறும் போர்டு தாங்காது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை நம்பி இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள்.

இரும்பு பீரோவுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. அதில் ஆபத்து கதவில். கண்ணாடி பதித்த கதவு திறந்திருக்கும்போது குழந்தை கைப்பிடியில் தொங்கினால், மேலே பார்த்த அதே கணக்குத்தான். பின் தகடு மெல்லியது என்பதால் உள்ளிருந்து போல்ட், பெரிய வாஷர் போட்டு ஆங்கிளைப் பிடிக்க வேண்டும். கால்கள் சமமாக நிற்கின்றனவா என்றும் பாருங்கள்; முன்னால் சாய்ந்து நிற்கிற பீரோ பாதி விழுந்த பீரோ.

டிவி பற்றி இரண்டே வார்த்தை. முடிந்தால் சுவரில் மாட்டுங்கள். இல்லையென்றால் அகலமான, தாழ்வான ஸ்டாண்டில் வைத்து, டிவியின் பின்புறத் துளைகளிலிருந்து சுவருக்கு ஒரு பட்டை இழுத்துக் கட்டுங்கள். டிராயர் அலமாரியின் மேல் மட்டும் வேண்டாம், அலமாரி சாயும்போது தலையில் முதலில் வருவது அதுதான்.

கனமான பொருளைக் கீழ் டிராயரில் வைப்பது, மேலே குழந்தையின் கண்ணை இழுக்கிற எதையும் வைக்காமலிருப்பது, டிராயருக்குக் குழந்தைப் பூட்டு போடுவது எல்லாம் நல்லதுதான். ஆனால் அவை சுவர் ஸ்க்ரூவுக்குத் துணை. அதற்கு மாற்று இல்லை.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு: எங்களுடையதும் வாடகை வீடுதான். வீட்டு உரிமையாளர் முதலில் முகம் சுளித்தார். காலி செய்யும்போது துளையை அடைத்து வண்ணம் அடித்துத் தருகிறேன் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார். அப்படியே செய்தும் கொடுத்தேன், அரை மணி நேர வேலை.

ஒருவேளை ஏற்கெனவே ஏதாவது குழந்தை மேல் விழுந்துவிட்டால், மேலுக்குக் காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தலையில் பட்டிருந்து வாந்தியோ வழக்கத்துக்கு மாறான தூக்கமோ வந்தால் நேராக அவசரப் பிரிவு.

வீடு மாறுகிற நாளைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அவிழ்த்துக் கொண்டுவந்த அலமாரி புது வீட்டில் வாரக்கணக்கில் சும்மா நிற்கும். குழந்தைக்கோ எல்லாமே புதிதாகத் தெரியும், எல்லாவற்றிலும் ஏறிப் பார்க்கும். போன மாதம் நாங்கள் மாறினோம். அட்டைப்பெட்டிகளில் முதலில் பிரித்தது டிரில் இருந்த பெட்டியைத்தான், அடுப்புகூட அப்புறம்தான்.