துப்பாக்கியின் உதை – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நீலகிரியைக் களமாகக் கொண்டு ஒரு நாவல் எழுதி வருகிறேன். 1934ஆம் ஆண்டு, கூடலூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டம். துரையின் .577 (குழல்துளையின் அகலம், அங்குலத்தில்) இரட்டைக்குழல் ரைபிளை எழுத்தர் மகனான பதினேழு வயதுப் பையன் எடுத்துச் சென்று, வாழ்க்கையில் முதல்முறையாகச் சுட்டு, ஒரே குண்டில் காட்டெருமையை வீழ்த்துகிறான். உதையில் பத்தடி பின்னால் போய் விழுகிறான். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர் '.577 எதற்கு, .375 போதும்' என்றார். இன்னொருவர், '.275லேயே யானை சுட்டிருக்கிறார்கள், பெரிய ரைபிளெல்லாம் துரைமாரின் ஜம்பம்' என்றார். எது சரி? காட்சியை எப்படி எழுதலாம்?

ர., கோத்தகிரி

அன்புள்ள ர.,

முதலில் அந்தப் பத்தடியை எடுத்துவிடுங்கள். அந்த ரைபிளுக்கான .577 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் குண்டு 750 கிரெயின், அதாவது ஏறத்தாழ 49 கிராம். நொடிக்குச் சுமார் 625 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுச் செல்வது. அதன் பின்னால் பீறிடும் வெடிவாயுவையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆறு கிலோ எடையுள்ள ரைபிள் நொடிக்கு ஆறு மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் தோளுக்கு வரும். அதே உந்தம் பையனும் ரைபிளுமாகச் சேர்ந்த அறுபது கிலோவைத் தள்ளும்போது நொடிக்கு அறுபத்தைந்து சென்டிமீட்டர் அளவுக்குத்தான் நகர்த்த முடியும். குதிகால்களைச் சேர்த்து வைத்து விறைப்பாக நின்றிருந்தால் ஓரிரு அடி தடுமாறுவான். சரிவில் நின்றிருந்தால் உட்கார்ந்துவிடுவான். பத்தடி பறப்பதெல்லாம் சினிமாவில்தான்.

ஆனால் வலி பொய்யல்ல. வேட்டைக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 30-06 ரைபிள் தோளில் தரும் உதை 27 ஜூல் அளவு என்றால், .375 மேக்னம் தருவது சுமார் 50 ஜூல், .577 தருவது 120 ஜூல். பழக்கமில்லாதவன் ரைபிளின் பின்கட்டையைத் தோள்குழியில் இறுக அணைக்காமல் புஜத்தின் மேல் லேசாக வைத்துக்கொள்வான். அப்போது கட்டையின் முனை எலும்பில் இடிக்கும், விசையைச் (டிரிக்கரை) சுற்றியுள்ள காப்பு வளையம் நடுவிரலின் முட்டியில் அடித்துத் தோலை உரித்துவிடும். இரட்டைக்குழலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. முதல் வெடியின் உதையில் விரல் வழுக்கிப் பின்விசையில் பட்டால் இரண்டு குழல்களும் அடுத்தடுத்து வெடித்துவிடும். உங்கள் பையன் விழுந்தே ஆகவேண்டும் என்றால் அதற்கு நம்பத்தகுந்த வழி இதுதான்.

இனி முக்கியமான விஷயம். உதை குறியைக் கெடுப்பதில்லை. உதைக்கும் என்ற பயம்தான் கெடுக்கிறது. குண்டு குழலுக்குள் இருப்பது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நொடி. அதற்குள் ரைபிள் பின்னால் நகர்வது சில மில்லிமீட்டர்தான். தோள் அடியை உணரும்போது குண்டு போய்விட்டிருக்கும். ஆனால் அடியை எதிர்பார்க்கும் உடல் விசையை அழுத்துவதற்கு ஒரு கணம் முன்பே கண்ணை மூடி, தோளை முன்னால் தள்ளி, குழல்முனையைக் கீழே இறக்கிவிடுகிறது. சுடுபவருக்கே இது தெரியாது. அவருக்குத் தெரியாமல் வேறொருவர் நடுநடுவே மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: விசை 'டிக்' என்று மட்டும் ஒலிக்க, வெடிக்காத ரைபிளின் முனை கீழே குத்தி நிற்கும். துப்பாக்கி கற்பிப்பவர்கள் இன்றும் செய்கிற சோதனை இது.

இந்தப் பயம் பிறவியில் வருவதல்ல, பெரும்பாலும் அடிபட்ட பிறகே வருவது. ஆகவே, வாழ்வில் முதல்முறை சுடுகிற பையன் முதல் குண்டை நேராகவே சுட்டிருக்கலாம். உங்கள் கதையில் நம்ப முடியாதது அந்த முதல் குண்டு அல்ல. அதோடு எல்லாம் முடிந்துவிடுவதுதான். இதயத்தில் அடிபட்ட காட்டெருமை பெரும்பாலும் நின்ற இடத்தில் விழாது, சிறிது தூரம் ஓடிப்போய்த்தான் விழும். ஓடுவதைக் கண்டதும் அவன் இரண்டாவது விசையைத் தேடுவான். அந்தக் குண்டு முதலாவதைப் போலப் போகாது. தோளில் தீப்பற்றியதுபோல் இருப்பவன் மறுபடி சுடுவதை எழுதுங்கள்; ஒரு குண்டின் வீரத்தைவிட அது நல்ல காட்சி.

.275 பற்றிச் சொன்ன நண்பர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரை நினைத்துச் சொல்லியிருப்பார். டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், அவற்றில் பெரும்பகுதி .275லும் அதையொத்த சிறிய ரைபிள்களிலும். ஆனால் அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். நீண்ட, ஈயம் வெளித்தெரியாத கெட்டிக் குண்டை, வேட்டையைப் பெரிதும் அறியாத யானைகள்மீது, அருகில் சென்று பயன்படுத்தியவர். இதிலிருந்து 'சிறிய ரைபிள் போதும்' என்று முடிவுகட்டுவது தவறு. உதை குறைந்த ரைபிளில் பெல்லின் கை நடுங்கவில்லை, அவ்வளவுதான்.

கூடலூர்ச் சோலையில் நிலைமை வேறு. உண்ணிச்செடிப் புதருக்குள் இருபது தப்படியில் நிற்கும் காட்டெருமை, பக்கவாட்டில் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பின்பக்கம் சாய்ந்த கோணத்தில் நின்றால், குண்டு புல் நிறைந்த வயிற்றைத் துளைத்துத்தான் நெஞ்சை அடைய வேண்டும். பெரிய காளை ஒரு டன்னை நெருங்கும். அதன் முதுகின் மேல்மேடு பெரும்பாலும் முள்ளெலும்புகளின் நீட்சி. உயரமாகச் சுட்டால் உயிர்நிலையைத் தொடாமல் போகும். இதயம் முன்காலை ஒட்டி, உடலின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அவ்வளவு ஆழம் போகும் குண்டுதான் தேவையே தவிர, அகலமான குழல் அல்ல. இரட்டைக்குழல்காரர்கள் வலக்குழலில் உடலில் பட்டதும் விரியும் மென்முனைக் குண்டும், இடக்குழலில் கெட்டிக் குண்டும் போடுவார்கள். ஓடும் மிருகத்தைப் பின்னாலிருந்து துளைக்க இரண்டாவது.

1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனம் கொண்டுவந்த .375 மேக்னத்தில் 300 கிரெயின் குண்டு போதுமான ஆழம் போகிறது. சராசரி மனிதன் பயின்றால் தாங்கக்கூடிய உதை. பெரிய விலங்குகளுக்கு இதற்குக் குறையக் கூடாது என்று பல ஆப்பிரிக்க நாடுகள் விதி வைத்திருப்பதும் அதனால்தான். .577 பாய்ந்து வரும் யானையைச் சில தப்படிகளில் நிறுத்துவதற்கானது. அதை ஒருவன் நாளெல்லாம் சுமந்து மலை ஏறுவதில்லை, துப்பாக்கி தூக்குபவன் சுமப்பான். பையன் தனியாகப் போகிறான் என்றால் அந்த ஆறு கிலோவையும் எழுத வேண்டும்.

வேறு ரைபிளுக்கு மாற்றுவதானால் .450 என்று எழுதிவிடாதீர்கள். தோட்டாக்கள் கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று பயந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில அரசு அந்த அளவை இந்தியாவில் தடை செய்துவிட்டது. அதனால்தான் .465, .470 போன்ற அளவுகளே பிறந்தன. நீலகிரியில் 1879இலேயே வேட்டை விலங்குகளுக்கான சட்டம் வந்துவிட்டதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; துரையிடம் உரிமம் இருக்கும், எழுத்தர் மகனிடம் இருக்காது. உதையைவிட அது அவனை அதிகம் பயமுறுத்தலாம்.

இன்று இந்தியாவில் வேட்டைக்கு வழியில்லை, அது நல்லதே. உதையை மட்டும் அறிய வேண்டுமானால், அனுமதி பெற்ற ஏதேனும் ரைபிள் கிளப்பில் களிமண் தட்டு சுடும் 12 போர் துப்பாக்கியைக் கேட்டு வாங்கிச் சுட்டுப் பாருங்கள். அது 30-06க்குக் கிட்டத்தட்டச் சமமாக உதைக்கும். காதுக்கு நல்ல உறை போடுங்கள், பாதிப் பயம் சத்தத்தால் வருவது. ஐந்தாறு முறை சுட்டபின், உங்களுக்குத் தெரியாமல் ஒரு வெற்றுத் தோட்டாவைப் போடும்படி, தோட்டா போட்டுத் தருபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.