'நாலரைக்கு வருவாள்'

கேள்வி: எட்டு வயதுச் சிறுமி காணாமல் போன குடும்பத்தைப் பற்றி நாவல் எழுதுகிறேன். தேடுதல் நடக்கும் முதல் 80 பக்கம் மளமளவென்று ஓடிவிட்டது. அதன்பிறகு எந்த அத்தியாயத்தை எடுத்தாலும் அம்மா அழுகிறாள், அப்பா பேசாமல் இருக்கிறார், பதினோரு வயது அண்ணன் மூலையில் நிற்கிறான். "ஒரே அத்தியாயத்தைப் பத்துத் தடவை படித்த மாதிரி இருக்கிறது" என்கிறாள் தோழி. குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: உங்கள் தோழி சரியாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் துக்க வீட்டை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். துக்க வீட்டுக்கு ஒரு தேதி உண்டு, சடங்கு உண்டு, வந்து கையைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் உண்டு. இந்த வீட்டுக்கு எதுவும் இல்லை. போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார். ஆள் வீட்டில் இல்லை, ஆனால் எல்லார் மனதிலும் இருக்கிறார். அவர் இன்னும் குடும்பத்தில் ஒருவரா என்பதில்தான் வீட்டார் பிளவுபடுகிறார்கள்.

ஆகவே அழுகையை விட்டுவிட்டு, முடிவெடுக்க முடியாத காரியங்களை எழுதுங்கள். கதவின் பூட்டு பழுதாகிவிட்டது, மாற்றலாமா? அவளுக்குத் தெரிந்த ஒரே தொலைபேசி எண்ணை விட்டுவிடலாமா? வாடகை கட்டுப்படியாகவில்லை, வீடு மாறினால் அவள் எங்கே வந்து தேடுவாள்? பிறந்தநாளுக்கு உடுப்பு வாங்கினால் எந்த அளவில்? ஓர் அத்தியாயத்துக்கு இப்படி ஒரு காரியம் போதும். அதில் அம்மாவும் அப்பாவும் எதிரெதிராக நிற்கட்டும். இருவர் பக்கமும் நியாயம் இருக்கட்டும். தேடிக்கொண்டே இருப்பவர் நல்லவர், ஓய்ந்துபோனவர் கல்நெஞ்சர் என்று பிரித்தால் நாவல் அங்கேயே செத்துவிடும்.

இதற்குத் தமிழ் ஒரு வினைமுற்றையே தந்திருக்கிறது. 'நாலரைக்கு வருவாள்' என்றால் முன்பெல்லாம் வந்துகொண்டிருந்தாள் என்றும் பொருள், இனி வரப்போகிறாள் என்றும் பொருள். அம்மாவின் பேச்சு முழுக்க அந்த வடிவத்திலேயே இருக்கட்டும். ஒருநாள் அப்பா வாய் தவறி 'வந்தாள்' என்று சொல்லட்டும். அந்தக் காட்சியில் யாரும் அழத் தேவையில்லை.

தேடலை 80 பக்கத்திலிருந்து 35க்குக் குறையுங்கள். போலீஸ் வீட்டாரையே தனித்தனியாக விசாரிப்பது அதில் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் சந்தேகம் அங்கேதான் வீட்டுக்குள் நுழைகிறது. என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள் என்ற கேள்விக்கு அம்மா தவறாகச் சொல்லிவிடலாம். அந்தக் காலையை அவள் பிறகு நினைக்கும்போதெல்லாம் ஒரு விவரம் மாறியிருக்கட்டும். 'அவளைப் பார்த்தேன்' என்று வரும் பொய்த் தகவல்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதை வாசகர் நம்ப மாட்டார். வரும் ஒவ்வொன்றும் குடும்பத்திடமிருந்து எதையாவது பறித்துக்கொண்டு போக வேண்டும்: சேமிப்பு, வேலை, ஒரு உறவு.

அண்ணனைத்தான் வீணடித்திருக்கிறீர்கள். முதலில் ஒரு தாளில் ஆண்டுவாரியாக இரண்டு பத்தி போடுங்கள், ஒன்றில் அவன் வயது, மற்றதில் அவள் வயது. அவளுடையது வீட்டாருக்கு எட்டிலேயே நிற்கிறது, நாட்காட்டியில் ஏறுகிறது. அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையம், பழைய படத்திலிருந்து இன்றைய முகத்தை உருவாக்கித் தருகிறது. 18 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குப் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அதே வயதில் எடுத்துக்கொண்ட படங்கள் உதவுகின்றன. உங்கள் கதையிலும் அப்படி ஒன்று நடக்கட்டும். அவனுக்குப் 17, அவளுக்கு 14 ஆகியிருக்கும். அவனுடைய பதினாலு வயதுப் படத்தை வைத்து அவள் முகம் தயாராகி வருகிறது. அதை அவன் பார்க்கும் பக்கத்தை அவசரப்படாமல் எழுதுங்கள். "கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று புதிய நண்பன் கேட்கும் காட்சியும் அவனுக்கு உரியது.

முடிவுக்கு வருவோம். என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாசகருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் முதல் அத்தியாயத்தில் சந்தேகத்துக்குரிய வண்டியையும் முகம் தெரியாத ஆளையும் காட்டிவிட்டு விடை தராமல் போனால் வாசகர் ஏமாந்துபோவார். விடையைத் திறந்தே விடுவதாக இருந்தால் அந்தத் துப்புகளை இப்போதே எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக வேறொரு கேள்வியை, வீட்டை விற்பார்களா என்பது போன்ற ஒன்றை, ஆரம்பத்திலேயே வைத்து அதற்குத் தெளிவாக விடை சொல்லுங்கள். அவள் திரும்பி வருவதாக இருந்தால் கடைசிப் பக்கத்தில் வரக்கூடாது. வந்தபிறகு குறைந்தது 60 பக்கமாவது வேண்டும், ஏனென்றால் வருபவள் அவர்கள் காத்திருந்த எட்டு வயதுக்காரி இல்லை.

நிஜக் குடும்பம் எதையாவது மனதில் வைத்து எழுதுகிறீர்கள் என்றால், பெயரை மட்டும் மாற்றுவது போதாது. இடம், உடை, காணாமல் போன விதம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அவர்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கலாம்.

திருத்தத்தை இப்படித் தொடங்குங்கள்: கையெழுத்துப் பிரதியில் கண்ணீர் வரும் இடங்களை எல்லாம் அடிக்கோடிட்டு, மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்று அண்ணனுடையதாக இருக்கட்டும்.