ஏதேனுக்குள் வான்கோழி

அன்புள்ள ஐயா,
ஹேக் நகர் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஏதேன் தோட்ட ஓவியத்தை இணையத்தில் பார்த்தேன். ப்ரூகலும் ரூபன்ஸும் சேர்ந்து வரைந்ததாம். புலியும் மாடும் ஒரே இடத்தில் சண்டையில்லாமல் நிற்கின்றன. சிறுவர் புத்தகப் படம் மாதிரி இருக்கிறது. வெறும் கற்பனைதானே? இதில் யார் எதை வரைந்தார்?
ம.

அன்புள்ள ம.,

ஆதாம், ஏவாள், மரம், பாம்பு, குதிரை எல்லாம் ரூபன்ஸ் கை. மற்ற விலங்குகளும் செடிகொடிகளும் யான் ப்ரூகல். காலம் 1615 வாக்கில். புலி ஏன் மாட்டைத் தின்னவில்லை என்று ஓவியரைக் கேட்காதீர்கள். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் முதல் அதிகாரத்தைப் புரட்டுங்கள், அங்கே எல்லா மிருகத்துக்கும் பச்சைப் புல்பூண்டுதான் சாப்பாடு.

'வெறும் கற்பனை' என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் உட்கார்ந்தேன். சில நாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்த விஷயம் இது. போனில் தள்ளிவிட்டுப் போகாமல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வான்கோழி தெரியும். அது அமெரிக்கப் பறவை. கொலம்பஸ் போகும்வரை ஐரோப்பாவில் யாரும் கண்டதில்லை. ஏதேனுக்குள் அது எப்படி வந்தது? கப்பலேறி வந்தது. பிரஸ்ஸல்ஸில் அன்று ஆட்சி செய்த ஆல்பர்ட், இசபெல்லா தம்பதியின் அரண்மனையில் தூரதேசத்து விலங்குகளை வளர்த்தார்கள். ப்ரூகல் அங்கே நேரில் பார்த்து வரைந்தவர். அந்தக் கண்ணையா கற்பனை என்கிறீர்கள்?

சொர்க்கப் பறவையின் கதை இன்னும் மோசம். நியூகினிப் பக்கத்தில் அதை வேட்டையாடி, காலை வெட்டி, தோலை உலர்த்தி விற்றார்கள். மகெல்லனின் விக்டோரியா கப்பல் 1522இல் அப்படிச் சில தோல்களோடு ஊர் திரும்பியது. காலே இல்லாததால் அது தரையிறங்காமல் வானத்திலேயே வாழ்கிறது என்று படித்தவர்களே நம்பினார்கள்! ப்ரூகலின் வானத்தில் அது பறப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கத்திதான் நினைவுக்கு வரும்.

அப்புறம் டோடோ என்ற பறக்காத பறவை. டச்சு மாலுமிகள் மொரீஷியஸில் அதைப் பார்த்தது 1598இல். ரூலாந்த் சாவெரி என்ற ஓவியர் 1628இல் வரைந்த பறவைகள் நிறைந்த நிலக்காட்சி வியன்னாவில் இருக்கிறது. கீழே வலது ஓரத்தில் டோடோ நிற்கிறது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்த இனமே இல்லை. நம் மனதில் உள்ள கொழுத்த டோடோவை நமக்குத் தந்ததில் சாவெரிக்குப் பெரிய பங்கு உண்டு. அது நிஜத்தில் அவ்வளவு குண்டு இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். கூண்டில் தின்று பெருத்ததையோ, பஞ்சடைத்துப் பெருக்கவைத்ததையோ அவர் பார்த்திருக்கலாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் போலக் கேட்பவர்களே குறைவு. சாவெரியையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.